புதன்கிழமைக் கோப்பு

நான்கு நாட்களாக அந்தப் பென் டிரைவ் என் கைப்பையில் இருந்தது. சீப்பு, தலைவலி மாத்திரை, வீட்டுச் சாவி, லேப் பீரோ சாவி, இவற்றுக்கு நடுவில். கட்டைவிரல் அளவுதான். ஆனாலும் புதன்கிழமையிலிருந்து பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம் கனம் கூடிவிட்டது போல ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை என் ஓரகத்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லேபுக்குப் போனபோது, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, பையில நகை ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"ஆமா. உனக்குப் போட்டு அழகு பாக்கத்தான்."

சிரித்தாள். அவள் சிரித்தால் சிக்னலில் நிற்கும் பக்கத்து வண்டிக்காரர் வரை திரும்பிப் பார்ப்பார். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். மாமியார் எங்களைப் பெரியவ, சின்னவ என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவர் சர்க்கரை பார்க்க எங்கள் லேபுக்கு வந்து, "பெரியவளைக் கூப்பிடுங்க, இல்லாட்டி சின்னவளையாவது கூப்பிடுங்க" என்று வரவேற்பறையில் குரல் கொடுத்ததிலிருந்து அங்கேயும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு வருஷமாக சர்வர் என் பொறுப்பு. ஊசி போட்டு எடுக்கிற ஒவ்வொரு துளியின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஒரு பழைய அலமாரி அறையில், குளிரூட்டிக்கு அடியில், சதா உறுமிக்கொண்டு நிற்கும். அணைத்துப் போட்டால் எழுந்திருக்க இருபது நிமிஷம் எடுக்கும் என்பதால் அதற்கு 'ஐயா' என்று பெயர். "ஐயா எழுந்தாச்சா?" என்று கேட்டபடிதான் காலையில் எல்லோரும் உள்ளே வருவார்கள். கேட்பது என்னை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வரை என்னை மட்டும்.

சின்னவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். எல்லோரும் அதை என் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. அவள் வீட்டிலிருந்த காலத்தில் மாமியாரின் வாயில் நாள் முழுக்க அவள் பெயர்தான். சின்னவ துணி மடிச்சா கடையில வாங்கின மாதிரி இருக்கு. சின்னவ கேட்காமலே தண்ணி கொண்டுவந்து குடுக்கறா. நான் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே இவை காதில் விழும். வீட்டில் சும்மா இருப்பவளுக்கு இதெல்லாம் எளிது, இவளும் வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று நினைத்தேன். அவள் படித்திருந்ததும் இதே படிப்புதான். லேபை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

இப்போது அவள் வேலைக்கும் போகிறாள், துணியையும் அப்படியே மடிக்கிறாள்.

இரண்டு மாதம் முன்பு மாமியார் தன் கட்டிலை மாடிக்கு மாற்றிக்கொண்டார். "மேல காத்து நல்லா வருது, பெரியவளே. வேற ஒண்ணுமில்ல" என்றார். வேறு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னாலே வேறு என்னவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். என் மகள் சாயங்காலம் புத்தகப் பையோடு நேரே மாடிக்கு ஓடுகிறாள். "சித்தி சொல்லிக் குடுத்தா டக்குனு புரியுதும்மா. நீ கோவப்படற." நான் கோபப்படுவதில்லை. சீக்கிரம் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன், அவ்வளவுதான். கணவரிடம் சொன்னால், "நல்லாத்தானே பாத்துக்கறா, உனக்கு என்ன கஷ்டம்?" என்பார். என்ன கஷ்டம் என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. யாரும் என்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றும் தானாக எழுந்து, மாடிப்படி ஏறிப் போகிறது.

மிச்சம் இருந்தது சர்வர் ஒன்றுதான்.

அதுவும் போன மாதம் போயிற்று. ஐயாவின் ஆபரேட்டிங் சிஸ்டம் பழையதாகிவிட்டது, இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அடுத்த பதிப்புக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று நான்தான் மூன்று முறை சொன்னேன். டாக்டரம்மா மூன்றாவது முறை தலையாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்தத் தடவை சின்னவங்க பண்ணட்டுமே. புதுசா படிச்சிருக்காங்க. நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

பக்கத்துல இருங்க, போதும். இந்த வாக்கியத்தை அன்றிரவு பாத்திரம் துலக்கும்போது எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எப்படிச் சொன்னாலும் இனிமையாகத்தான் இருந்தது. அதுதான் வலித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் ஐயா வந்திறங்கியபோது பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தன. ஒன்று ஆங்கிலம். மற்றொன்று எங்களில் யாருக்கும் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத ஒரு மொழி. வேலைக்குச் சேர்ந்த புதிது, டாக்டரம்மா கதவருகே நின்றுகொண்டிருக்கிறார். உறையைச் சரியாகப் பார்க்காமல் மற்றதைப் போட்டுவிட்டேன். பாதியில்தான் தெரிந்தது. நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தால் தப்பு வெளியே தெரிந்துவிடும். எந்த இடத்தில் என்ன பொத்தான் இருக்கும் என்ற பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, குருட்டாம்போக்கில் அழுத்தி முடித்தேன். பிறகு டாக்டரம்மா சாப்பிடப் போன நேரத்தில் அதன்மேல் ஆங்கில மொழிப் பொதி ஒன்றைப் போர்த்திவிட்டேன். திரையில் எல்லாம் ஆங்கிலம். அடியில் அந்த வேறு மொழி அப்படியே இருந்தது.

போர்வை என்றால் போர்வைதான். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒருமுறை சிஸ்டத்தை மேம்படுத்தியபோது அது நழுவியது. அப்போது நான் தனியாகத்தான் செய்தேன். ஆங்கில இமேஜ் ஃபைலை இறக்கி ஓடவிட்டேன். இமேஜ் ஃபைல் என்பது ஒரு முழு டிஸ்க்கையே ஒற்றைக் கோப்பாகச் சுருட்டி வைத்தது. டிஸ்க்கைச் செருகவேண்டிய அவசியமில்லை, கோப்பைத் திறந்தாலே போதும். எல்லாம் ஒழுங்காகப் போய், ஒரு திரையில் வந்து நின்றது. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் திரை. முதல் வரி: கோப்புகள், நிரல்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொள். இரண்டாவது வரி: எதையும் வைத்துக்கொள்ளாதே. முதல் வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அழுத்தினால் அழுந்தவில்லை. இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டேன். கழிவறையில் போய் அழுதேன். கடைசியில்தான் புரிந்தது: அடியில் என்ன மொழியோ அதே மொழியின் இமேஜைக் கொடுத்தால்தான் பழையதை விட்டுவைக்கும். கொடுத்தேன், விட்டுவைத்தது. பதிவேட்டில் 'மேம்படுத்தப்பட்டது' என்று ஒரே ஒரு சொல் எழுதினேன்.

இன்னொரு ரகசியமும் உண்டு. லேப் முழுவதையும் ஓட்டுகிற நிரல் ஒன்று ஐயாவுக்குள் இருக்கிறது. ரத்தம் எண்ணுகிற இயந்திரங்கள் அது ஒன்றோடுதான் பேசும். அதை எழுதிக் கொடுத்த நிறுவனத்தை மூடி நாலு வருஷமாகிறது. அதன் டிஸ்க் பீரோவில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அழகான நீல உறையில் நிற்கிறது. உறை மட்டும். டிஸ்க் மூன்று வருஷத்துக்கு முன் என் கையில் விரிசல் விட்டுவிட்டது. உறையைத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்.

எல்லோருக்கும் உள்ளே ஏதாவது ஒரு காலி உறை இருக்கும் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். சின்னவளுக்கு இருக்கிறதா என்று தேடியும் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை அவள் தன் திட்டத்தை ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டினாள். எண் போட்டு, நேரம் போட்டு, பார்க்கவே எரிச்சலூட்டும் சுத்தமான கையெழுத்து.

"பாத்துச் சொல்லுங்கக்கா. ஏதாவது விட்டுட்டேனா?"

நாலாவது வரியில் இமேஜ் ஃபைலின் பெயர் இருந்தது. பெயருக்குள்ளேயே மொழிக்கான குறியும் இருந்தது. ஆங்கிலம். ஒன்பதாவது வரி: 'பழையதை வைத்துக்கொள்ள முடியாவிட்டால், புதிதாக நிறுவி, தரவை நகலிலிருந்தும் நிரலை டிஸ்க்கிலிருந்தும் ஏற்றுவது.' தரவுக்கு நகல் இருந்தது. டிஸ்க்?

"பீரோவுல இருக்கே நீலக் கவர், அதானேக்கா புரோகிராம் டிஸ்க்?"

"அதுதான்" என்றேன்.

இது பொய்யா? அந்த உறை அதுதான்.

"அப்ப வேற ஒண்ணும் இல்லையே? இந்தப் பொட்டியப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நான் நேத்து வந்தவ."

"நீதான் எல்லாம் படிச்சிருக்கியே. அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி?"

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "சரிக்கா" என்று தாளை மடித்துக்கொண்டு போனாள்.

நான் என் இடத்துக்கு வந்து, அந்த வேறு மொழியின் இமேஜ் ஃபைலை இறக்கத் தொடங்கினேன். மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு முடிந்தது. மொழிப் பொதியையும் சேர்த்துப் பென் டிரைவில் ஏற்றினேன். யாருக்கும் கெடுதல் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. மாறாக, காப்பாற்றத் தயாராகிக்கொண்டிருந்தேன். அவள் அந்தச் சாம்பல் வரியின் முன் மாட்டிக்கொள்வாள். வியர்ப்பாள். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருப்பார். 'அக்கா, இது என்னன்னு தெரியலையே' என்று திரும்புவாள். நான் நிதானமாகப் பையைத் திறப்பேன். இந்தக் காட்சியை நாலு நாளும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவளை இன்னும் கொஞ்ச நேரம் வியர்க்கவிட்டேன்.

*

ஞாயிறு லேபுக்கு விடுமுறை. திங்கள் காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் ஐயா எழுந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா எங்களுக்கு முன்பே வந்து, அலமாரி அறை வாசலில் டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு மருமகளும் வந்தாச்சா? இனிமே ஐயா தப்பிக்க முடியாது" என்றார்.

சின்னவள் கைகழுவிவிட்டு வந்து திரைக்கு முன் உட்கார்ந்தாள். ஏதோ அறுவை சிகிச்சைக்கு உட்காருவது போல. நான் சுவரோரம் நின்றேன். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. எத்தனையோ வருஷமாக என் உடம்பின் அச்சு பதிந்த நாற்காலி. அவள் உட்கார்ந்ததும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள். அந்தச் சின்ன 'உஸ்' சத்தம் எனக்கு எங்கோ சுருக்கென்றது.

இமேஜ் ஃபைலைத் திறந்தாள். டிஸ்க் போட்டது போல ஒரு புதிய டிரைவாகத் திரையில் வந்து நின்றது. நிறுவும் நிரலை ஓடவிட்டாள். ஒவ்வொரு படியிலும் தாளில் ஒரு டிக் அடித்தாள். வாயால் மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் விளக்கினாள். இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்கு அப்படிச் செய்யத் தோன்றியதே இல்லை. கேட்டால், "அது டெக்னிக்கல் டாக்டர்" என்று முடித்துவிடுவேன். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை மாதிரி கேள்வி கேட்டார். பதில் கிடைத்தது.

அந்த நிமிஷம்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்பதல்ல. அவளுக்கு இது பிடித்திருக்கிறது. நான் இத்தனை வருஷமாக இதைக் காவல்தான் காத்திருக்கிறேன்.

பத்தேமுக்கால் மணிக்கு அந்தத் திரை வந்தது.

முதல் வரி சாம்பல்.

நான் பையின் ஜிப்பில் கை வைத்தேன். இப்போது திரும்புவாள்.

அவள் அழுத்திப் பார்த்தாள். அழுந்தவில்லை. இன்னொரு முறை. கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். மூக்கைச் சொறிந்தாள்.

"என்னம்மா?" என்றார் டாக்டரம்மா.

"பழசை அப்படியே வெச்சுக்க விட மாட்டேங்குது டாக்டர். ஏன்னு தெரியல. ஆனா பரவால்ல, இதுக்கும் வழி வெச்சிருக்கேன்." தாளில் விரலை ஓட்டி ஒன்பதாவது வரிக்கு வந்தாள். "எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். டேட்டா நகல் நேத்தே எடுத்தாச்சு, திறந்தும் பாத்துட்டேன். புரோகிராம் டிஸ்க் பீரோவுல இருக்கு. கூட மூணு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்."

"பயமே இல்ல பாருங்க இந்தப் பொண்ணுக்கு" என்றார் டாக்டரம்மா, என்னைப் பார்த்து.

நான் புன்னகை செய்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் திரும்பவில்லை. என் நாலு நாள் காட்சியில் அவள் திரும்பாமல் இருப்பதற்கு இடமே இல்லை. என்னைக் கேட்கவேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. ஏனென்றால், என்னைக் கேட்டு, என் வார்த்தையை நம்பித்தான் அவள் அந்த ஒன்பதாவது வரியை எழுதியிருந்தாள்.

இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தாள். 'அடுத்து' என்றாள். கடைசித் திரை. ஒரே ஒரு பொத்தான்.

சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. அந்தப் பொத்தான் அழுந்தினால் என்ன ஆகும் என்பது படம் போலத் தெரிந்தது. மத்தியானம் அவள் பீரோ சாவி கேட்பாள், நீல உறையைத் திறப்பாள், காலி. இயந்திரங்கள் ஊமையாக நிற்கும். காலையில் நாற்பது பேர், ஊசி போட்டும் பயனில்லாமல். இதையெல்லாம் நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றை நினைத்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். 'பெரியவங்க பண்ணியிருந்தா இப்படி ஆயிருக்காது' என்று எல்லோரும் சொல்வார்கள். மாடியிலும் சொல்வார்கள். அந்தக் குரல் காதில் கேட்டது. வெந்நீர் ஒத்தடம் போல இதமாக இருந்தது. மூன்று மூச்சு நேரம் அதிலேயே நின்றேன்.

அப்போது அவள் மௌஸை விட்டுவிட்டு எழுந்தாள். வெளியே போய் வரவேற்பறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்க. உக்காருங்கக்கா. இனிமே ரொம்ப நேரம் ஆகும், கால் வலிக்கும் உங்களுக்கு."

என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மௌஸில் கை வைத்தாள்.

"நிறுத்து" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. டாக்டரம்மா கோப்பையிலிருந்து டீ தளும்பியது.

"என்னக்கா?"

"அழுத்தாத. கவர்ல டிஸ்க் இல்ல."

"எந்தக் கவர்?"

"நீலக் கவர். காலி. உடைஞ்சு மூணு வருஷமாச்சு."

சின்னவளின் கை மௌஸிலிருந்து மெல்ல விலகி மடிக்கு வந்தது. சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டவள் போல விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"உடைஞ்சதை என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் டாக்டரம்மா.

"நான்தான் உடைச்சேன் டாக்டர்." அதைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்வது கொஞ்சம் எளிதாயிற்று. "அந்த வரி ஏன் செத்துக் கிடக்குன்னா, இந்தப் பொட்டியில மேலதான் ஆங்கிலம். அடியில வேற மொழி. அந்த மொழியோட இமேஜைக் குடுத்தாத்தான் பழசை விட்டுவைக்கும். எங்கிட்ட இருக்கு." இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இப்பதான் ஞாபகம் வந்தது."

"அப்பாடா!" டாக்டரம்மா நெஞ்சில் கை வைத்தார். "நல்ல வேளை உங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல இருங்கன்னு சொன்னேன் பாருங்க, அது இதுக்குத்தான்."

பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். சின்னவள் வாங்கிச் செருகினாள். திரையில் ஒரு சாளரம் திறந்தது. உள்ளே இரண்டே கோப்புகள். பெயர், அளவு, தேதி.

தேதி. நான் அதை மறந்தே போயிருந்தேன். வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் கோப்பில் தேதி பார்த்துப் பழகியவள், என் கோப்பில் பார்க்கவில்லை. புதன்கிழமை, பிற்பகல் 1.40.

திரையில் அம்புக்குறி அந்தத் தேதிக்கு நேரே வந்து நின்றது. அங்கேயே நின்றது. டாக்டரம்மா டீ சிந்திய புடவையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் மெல்லச் சிவந்தது. நான் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டிருந்தால், கத்தியிருந்தால், ஒருவேளை நானும் கத்தியிருப்பேன். எல்லாம் வெளியே கொட்டியிருக்கும். கட்டில், மகள், நாற்காலி, எல்லாம்.

அம்புக்குறி நகர்ந்தது. கோப்பைத் திறந்தாள்.

"எனக்கு இது வாசிக்கத் தெரியாது. எதை அழுத்தணும்னு சொல்லுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"கீழ, வலது பக்கம் முதல் பொத்தான்."

அழுத்தினாள்.

"இப்ப நடுவுல சின்னக் கட்டம் ஒண்ணு இருக்கா? அதுல டிக். மறுபடி வலது."

இப்படியே ஒவ்வொரு திரையாக. நான் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். டாக்டரம்மா வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு எழுத்தும் தெரியாத மொழியில் இவள் எப்படி வழி சொல்கிறாள் என்று. நான் நாலு நாளாகக் காத்திருந்த நிமிஷம் இதுதான். வந்துவிட்டது. நாக்கில் ருசியே இல்லை.

எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற திரை வந்தது. முதல் வரி கறுப்பாக, உயிரோடு இருந்தது.

ஒன்றரை மணிக்கு ஐயா எழுந்தார். திரை முழுக்க அந்த எழுத்துகள். டாக்டரம்மா, "ஐயையோ, எல்லாமே அந்தப் பாஷைக்கு மாறிடுச்சே! ஏதாவது கெட்டுப்போச்சா?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

"இல்ல டாக்டர். இதுதான் இதோட நிஜமான முகம்" என்றேன். ஆங்கிலப் பொதியைப் போட்டுப் போர்த்தினோம். லேப் நிரலைத் திறந்தோம். திறந்தது. ஓர் இயந்திரத்தில் பழைய ரத்த மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தோம். எண்கள் வந்து விழுந்தன.

"ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்திட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

"அக்கா இல்லேன்னா நான் மாட்டியிருப்பேன் டாக்டர்" என்றாள் சின்னவள். குரலில் குத்தல் இருக்கிறதா என்று துழாவினேன். இல்லை. அதை ஒரு உண்மையாக மட்டும் சொன்னாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் தேதியைச் சொல்லியிருப்பேன். சத்தமாக, டாக்டரம்மா புடவையைத் துடைத்து முடிக்கும் முன்பே சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருக்க இவளால் எப்படி முடிந்தது? உள்ளே எரிந்தது. கட்டிலுக்கும் மகளுக்கும் எரிந்ததைவிட அதிகமாக.

டாக்டரம்மா கிளம்பிப் போனார். பதிவேட்டை எடுத்தோம். கெட்டி அட்டை போட்ட நோட்டு. சர்வரில் எதைத் தொட்டாலும் அதில் எழுதவேண்டும் என்பது நான் போட்ட விதி. என்ன செய்தது, எந்தக் கோப்பிலிருந்து, அந்தக் கோப்பு என்றைக்கு வந்தது, செய்தவர், கூட இருந்தவர். சின்னவள் எழுதினாள். நான் பீரோவைத் திறந்து, நீல உறையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். திரும்பியபோது நோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள். செய்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. கூட இருந்தவர் என்ற இடம் எனக்காகக் காலியாக இருந்தது. இன்னொரு கட்டமும் காலியாக இருந்தது.

"தேதிய நீங்களே போட்டுடுங்க" என்றாள். "உங்க கோப்பு. எனக்குத் தெரியாது."

பேனாவைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள், முதுகைக் காட்டி.

இன்றைய தேதியைப் போட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நீலக் கவரைப் போல அதுவும் பீரோவுக்குள் நிற்கும். இன்னொரு பதினோரு வருஷம் சாவியைச் சுமக்கலாம். பேனா முனை தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு புதன்கிழமைத் தேதியை எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். முதல் பக்கத்துக்குத் திருப்பி, பதினோரு வருஷமாகக் கோடு போட்டு விட்டிருந்த 'மொழி' என்ற கட்டத்தில் எழுதவேண்டியதை எழுதினேன்.

அவள் வந்து பார்த்தாள். அந்தத் தேதியை, திரையில் எவ்வளவு நேரம் பார்த்தாளோ அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"காலையில எட்டு மணிக்கே குடுத்திருந்தீங்கன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நான் அழுத்தியிருந்தா?"

மூன்று மூச்சு என்று சொல்ல வாய் வரவில்லை.

கதவைப் பூட்டினோம். பீரோ சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "ரெண்டு சாவி இருக்கணும். நாளைக்கு ஒண்ணு வெட்டிக்கறேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதிலும் அவள்தான் சரி.

ஸ்கூட்டரில் ஏறினேன். வழக்கமாக அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன். இன்று பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்க்கவில்லை. பாதி வழியில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது.

"தோளைப் பிடிச்சுக்கங்க, விழுந்து வெக்காதீங்க" என்றாள் முன்னால் பார்த்தபடியே. "விழுந்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும், மேல இருக்கறவங்களுக்கு."

பிடித்துக்கொண்டேன். தோள் இறுகித்தான் இருந்தது.